ஆஸ்டியோபதிக்குப் போற ஹார்ட், பிபி ஆளுங்க பண்ற தப்புகள்

எங்க பெரியப்பா திருநெல்வேலியிலருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ல வந்தாரு, டீக்கு நிறுத்துனப்ப கூட இறங்காம காலத் தொங்கப் போட்டு அப்படியே உக்காந்து வந்துருக்காரு. ரெண்டு நாள் கழிச்சு இடது கெண்டைக்கால்ல வலி, வீக்கம். "நரம்பு சுருட்டிக்கிச்சு, எண்ணெய் போட்டு அழுத்தி நீவுனா சரியாயிடும்"னு வீட்ல ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. நான் முதுகு வலிக்குப் போயிட்டிருந்த ஆஸ்டியோபதி (எலும்பு, தசை, மூட்ட கையால அழுத்தி, நீவி சரி பண்ற வைத்தியம்) மேடம்கிட்டயே கூட்டிட்டுப் போனேன், நீவி விடுவாங்கன்னுதான். அவங்க இஞ்ச் டேப்ப எடுத்து முட்டிக்குக் கீழ ரெண்டு காலையும் ஒரே இடத்துல அளந்தாங்க. வலது 34 சென்டிமீட்டர், இடது 38. "இதுல நான் கை வைக்க மாட்டேன் சார், இன்னைக்கே ரத்த ஓட்டத்த பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க, பீஸ் கூட வாங்கல. ஸ்கேன்ல பாத்தா உள் நரம்புல, அதாவது ஆழமா ஓடுற ரத்தக் குழாய்ல, ரத்தம் உறைஞ்சு கட்டி.

அந்தக் கட்டிய நீவுனா என்ன ஆகும்னா பிச்சுக்கிட்டு மேல போய் நுரையீரல்ல அடைச்சுக்கலாம், அதுல உசுரே போகும். திடீர்னு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, வலியா இருந்தா மசாஜ், ஆஸ்டியோபதி, வர்மம், ஒத்தடம் எதுவும் வேணாம், முதல்ல ஸ்கேன். ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்னு நெனச்சு நாம பண்ற தப்புல இதுதான் பெருசுன்னு நான் சொல்லுவேன்.

இந்த "ரத்த ஓட்டம்" பேச்சு எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். ஆஸ்டியோபதிய 1874ல ஆரம்பிச்சவரு ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்னு ஒரு அமெரிக்க டாக்டர், மூளைக்காய்ச்சல்ல புள்ளைங்கள பறிகொடுத்துட்டு அந்தக் காலத்து மருந்து மேலேயே நம்பிக்கை இழந்தவரு. ரத்தம் தடையில்லாம ஓடுனா உடம்பு தன்னைத் தானே பாத்துக்கும்ங்கறது அவரோட அடிப்படை. 1892ல மிசௌரியில கிர்க்ஸ்வில் ஊர்ல காலேஜும் ஆரம்பிச்சாரு. ஆனா ஒண்ணு, கையில பட்டை சுத்தி பிபி பாக்குற கருவியே 1896லதான் வந்துச்சு, ஈசிஜி அதுக்கும் அப்புறம். அவரு கையில இருந்தத வெச்சு யோசிச்சாரு, அவர குத்தம் சொல்ல முடியாது, ஆனா இன்னைக்கும் அதே வார்த்தைய வெச்சு "உங்க ஹார்ட் அடைப்ப கரைக்கிறோம்"னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. முதுகெலும்ப அமுக்குனா இதயக் குழாய்ல இருக்குற கொழுப்புப் படிவு கரையாது.

அமெரிக்காவுல ஆஸ்டியோபதி படிச்சவங்க முழு டாக்டர்ங்க, மருந்து எழுதுவாங்க, ஆபரேஷனும் பண்ணுவாங்க. இங்கிலாந்துல 1993லேயே அவங்களுக்குத் தனிச் சட்டம் வந்துச்சு, ஆனா அங்க அவங்க கையால வைத்தியம் பாக்குறவங்க மட்டும்தான். நம்ம ஊர் ஆயுஷ் பட்டியல்ல சித்தா, ஆயுர்வேதம், யோகா, யுனானி, ஹோமியோபதி எல்லாம் உண்டு, ஆஸ்டியோபதி கெடையாது. பிசியோதெரபி முடிச்சுட்டு மேல இத படிச்சவங்க பல பேர் நல்லாவே பாக்குறாங்க, அதனால போர்டுல இருக்குறத விட்டுட்டு அடிப்படையா என்ன படிச்சீங்கன்னு கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

அடுத்தது நெஞ்சு வலி. "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடி"ங்கறது பழைய தப்பு, இப்ப புதுசா "தோள்பட்டை இறுகிக்கிச்சு, ஒரு செஷன் போயிட்டு வா". நெஞ்சுக்கூட்டுல தசை பிடிச்சும் வலிக்கும், உண்மைதான், அழுத்துனா வலிக்கிற இடம் விரல் நுனியில காட்டுற மாதிரி இருக்கும். ஆனா அத வெச்சு நாமளே முடிவு பண்ணக் கூடாது. பாரம் வெச்ச மாதிரி நெஞ்சு இறுகி, இடது கை, தாடை, முதுகுன்னு வலி பரவுனா, வேர்த்துக் கொட்டுனா 108தான், வேற எங்கயும் இல்ல. சுகர் இருக்குறவங்களுக்கு, பொம்பளைங்களுக்கு சில நேரம் வலியே பெருசா தெரியாது, மூச்சு வாங்கும், அசதியா இருக்கும், அவ்வளவுதான். முதல்ல ஈசிஜி, அது சரின்னு டாக்டர் சொன்னப்புறம் தோள்பட்டைய பாத்துக்கலாம்.

பிபி விஷயத்துல நடக்குற கூத்து வேற. அரை மணி நேரம் ஏசி ரூம்ல கண்ண மூடிப் படுத்துட்டு எழுந்து பாத்தா யாருக்கும் பிபி கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், அது ரிலாக்ஸ் ஆனதால, நோய் போனதால இல்ல. அத பாத்துட்டு மாத்திரைய நிறுத்துறவங்கள நான் பாத்துருக்கேன். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி பிபி மாத்திரைய டக்குனு நிறுத்துனா இதயம் வேகமா அடிச்சு நெஞ்சு வலி, அட்டாக் வரைக்கும் போகலாம். உண்மையிலேயே குறைஞ்சிருக்கான்னு தெரியணும்னா ஒரு வாரம் வீட்ல காலையும் சாயங்காலமும் அளந்து எழுதுங்க. முதுகு சாஞ்சு, கால் மேல கால் போடாம, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்து, கைய நெஞ்சு மட்டத்துல வெச்சு, காபி குடிச்சு அரை மணி நேரம் ஆனப்புறம். அந்த நோட்ட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, டோஸ் குறைக்கிறத அவரு பாத்துப்பாரு.

கழுத்து சொடக்கு எடுக்குறது எனக்கு சுத்தமா பிடிக்காது, சலூன்லயும் சரி, கிளினிக்லயும் சரி. கழுத்துக்குள்ள மூளைக்குப் போற ரத்தக் குழாய்ங்க ஓடுது, வேகமா திருகும்போது அபூர்வமா அதோட உள்சுவர் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்துருக்கு. பிபி, கொலஸ்ட்ரால் இருக்குறவங்க, வயசானவங்க "எனக்கு கழுத்து மட்டும் வேணாம்"னு முதல்லயே சொல்லிடலாம், மெதுவா பண்ற முறையும் இருக்கு.

போடுற மாத்திரை, பண்ண ஆபரேஷன் எதையும் சொல்லாம மறைக்கிறது இன்னொரு தப்பு. அசிட்ரோம், வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்குறதுக்கு மாத்திரை போடுறவங்களுக்கு ஆழமா அழுத்துனா உள்ளேயே ரத்தம் கட்டும். பைபாஸ் பண்ணவங்களுக்கு நடு நெஞ்செலும்ப கம்பி போட்டு சேத்துருப்பாங்க, அது ஒட்ட ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் நெஞ்சுல, தோள்ல யாரும் அமுக்கக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தா சொல்லணும். ரெண்டு காலும் வீங்கி, படுத்தா மூச்சு முட்டுனா அது ஹார்ட் பம்ப் ஆகுறதே குறைஞ்சதால இருக்கலாம், அப்ப நீர் வடிய மசாஜ் பண்ணா அந்த நீரெல்லாம் திரும்ப ஹார்ட்டுக்கே பாரமா வந்து சேரும்.

அப்ப ஆஸ்டியோபதி எதுக்குத்தான்னு கேட்டா, முதுகு, இடுப்பு வலி குறைஞ்சு ஒருத்தர் தினம் அரை மணி நேரம் நடக்க ஆரம்பிச்சா அதுவே பெரிய லாபம். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி கீழ இருக்குற ரத்தத்த மேல தள்ளி விடுது, அந்த வேலைய எந்தக் கையும் வெளியிலருந்து அவ்வளவு நல்லா பண்ணாது.

பெரியப்பா இப்ப மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து போன்ல வெச்சிருக்காரு, எந்த கிளினிக் போனாலும் அதத்தான் முதல்ல காட்டுறாரு. பஸ்ல எழுந்து நடக்க வசதியா வழியோரத்து சீட்தான் கேக்குறாரு, டீக்கு நிறுத்துனா டீ வேணாம்னாலும் இறங்கி பஸ்ஸ ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் ஏறுறாரு, கண்டக்டர்தான் பாவம், ஒவ்வொரு தடவையும் "பெரியவர் ஏறிட்டாரா"ன்னு எட்டிப் பாக்க வேண்டியிருக்கு.