கழுவாத களிமண் காட்டும் 99 சதவீதம்

ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டது. பெண்டோனைட் களிமண்ணில் சீடேப் (CTAB, சோப்பு மாதிரி நுரைக்கும் நேர்மின் புரோமைடு உப்பு) ஏற்றிச் சாயத்தண்ணீரைத் தெளியவைக்கிறோம் என்று இந்த வருடமும் பசங்க வந்திருக்கிறார்கள். எங்கள் காலத்துக் கூத்துகளும் அப்படியே கூட வந்திருக்கின்றன. லேபிள் ஒட்டாதது, பிஹெச் மீட்டரைச் சரிபார்க்காதது எல்லாம் ஊரறிந்த கதை, விடுங்கள்.

தப்பான சாயம்

சோதிக்க மெத்திலீன் நீலத்தை எடுக்கிறார்கள். அது நேர்மின் சாயம். பெண்டோனைட் அடுக்குகளோ எதிர்மின். வெறும் களிமண்ணே அதை வாரி இழுத்துக்கொள்ளும், சீடேப் எதற்கு? திருப்பூரில் பருத்தித் துணிக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின் என்பதால் வெறும் களிமண் பக்கத்தில் சேர்க்காது. சீடேப் ஏற்றிய களிமண்ணுக்கு அங்கேதான் வேலை.

கழுவாமல் விடுவது

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். களிமண்ணின் அயனி பரிமாற்றத் திறன் (அது பிடித்துவைக்கக்கூடிய நேர்மின் அயனிகளின் அளவு) 100 கிராமுக்கு 80 மில்லி ஈக்விவலன்ட் என்றால், 1 கிராமுக்குச் சுமார் 0.29 கிராம் சீடேப் போதும். ஆனால் பரப்பு நேர்மின்னாக மாற அதற்கு மேலும் வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு போடுகிறார்கள். போடட்டும். மிஞ்சியதைக் கழுவ வேண்டாமா?

ஒரு மாணவி ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தில் 99 சதவீதம் நீங்கியதாகக் கொண்டுவந்தார். அவருடைய களிமண்ணைச் சாயமே இல்லாத தண்ணீரில் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி, மேலே நின்ற தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சாயக்கரைசலில் ஊற்றச் சொன்னேன். கரைசல் கலங்கி, கருநீலத் திரியாக அடியில் இறங்கியது. அந்தக் குழாயில் களிமண் துளிகூட இல்லை. கசிந்த சீடேப்தான் சாயத்தோடு சேர்ந்து வீழ்படிவாகியிருக்கிறது. பெயர் மட்டும் களிமண்ணுக்கு.

இதை லேபுக்குள் நடந்த பிசகு என்று தள்ளிவிட முடியாது. சுத்திகரிக்காத சாயக்கழிவு நொய்யலில் கலந்ததற்காகத்தான் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சீடேப் மீனுக்கு நஞ்சு. நிறத்தை எடுத்துவிட்டு நஞ்சைச் சேர்ப்பதற்கா இத்தனை பாடு?

வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். 25 டிகிரிக்குக் கீழே சீடேப் சரியாகக் கரையாது, ஏசி ரூமில் படிகமாகவே நின்றுவிடும். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெளிர்மஞ்சள் கலங்கல் (சீடேப்பின் புரோமைடு) வரக்கூடாது, குலுக்கினால் நுரைக்கக்கூடாது. குழாய்த்தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரைடே கலங்கிக் காட்டிக் குழப்பும். கழுவக் கழுவச் சதவீதம் இறங்கும். அதனால்தான் கழுவ மாட்டேன் என்கிறார்கள்!

வடிதாள்

களிமண்ணைப் பிரிக்க வடிதாளில் வடிகட்டினால், மெத்திலீன் நீலத்தை அதுவே குடித்துவிடும்.

அப்சார்பன்ஸ் 1-ஐத் தாண்டினால்

அதாவது கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு அதற்கு மேல் போனால், நீர்க்கச் செய்து அளக்கவும்.

உப்பில்லாத கரைசல்

பட்டறைத் தண்ணீரில் சாயத்தைவிட உப்புதான் பல மடங்கு அதிகம், கூடவே சலவைச் சோடா. வடித்த நீரில் சாயத்தை மட்டும் கரைத்து எடுத்த எண்ணை அங்கே கொண்டுபோனால் செல்லாது. லிட்டருக்கு 50 கிராம் உப்பு போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் வரும் எண்ணை அறிக்கையில் எழுதுங்கள்.