ரோமும் புளோரன்ஸும்: மட்டக்களப்பிலிருந்து இருவராகப் போய்வர ஒரு வழிகாட்டி

ஐரோப்பா போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தாலே போதும், பாரிஸ், சூரிச், வெனிஸ், ரோம், முடிந்தால் லண்டனும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பத்துப் பன்னிரண்டு நாள் லீவுக்குள் அத்தனையையும் அடைத்தால் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும் ரயில் நிலையத்தில் காத்து நிற்பதும்தான் மிஞ்சும், லண்டனுக்கு வேறு தனி விசா எடுக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டும் முதல் தடவை போகிறீர்கள் என்றால் நான் உறுதியாகச் சொல்வது ஒரு நாடு, இரண்டு நகரம். அந்த இரண்டும் ரோமும் புளோரன்ஸும் என்றால் இன்னும் நல்லது. ஒரே விசா, ஒரே காசு, நடுவில் அதிவேக ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். பேரரசர்களும் பாப்பரசர்களும் கட்டிய ஊர் ரோம், வணிகர்களும் ஓவியர்களும் கட்டிய ஊர் புளோரன்ஸ், அதனால் இரண்டாவது ஊரில் இறங்கும்போது பார்த்ததையே திரும்பப் பார்க்கிறோம் என்ற சலிப்பு வராது.

சொந்தக்காரர் விஷயத்தை முதலிலேயே பேசி முடியுங்கள். மட்டக்களப்பில் சுவிஸிலோ பிரான்சிலோ ஜெர்மனியிலோ ஆள் இல்லாத குடும்பம் குறைவு, நீங்கள் வருவது தெரிந்தால் "இவ்வளவு தூரம் வந்திட்டு எங்கட வீட்டுக்கு வராமலா?" என்றுதான் கேட்பார்கள், அது அன்பு. ஆனால் ஒரு வீட்டுக்குப் போனால் நாலு வீட்டுக்குப் போக வேண்டும், பார்க்க வந்த ஊர் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிடும். போயே ஆக வேண்டுமென்றால் பயணத்தின் கடைசியில் இரண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள், நடுவில் செருகாதீர்கள். இதில் விசாச் சிக்கலும் இருக்கிறது: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் கூடுதல் நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இத்தாலி விசா எடுத்துவிட்டு சுவிஸில் கூடுதல் நாள் தங்கும் திட்டம் சரிவராது.

விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். ஆனால் 15 நாள் என்பதை நம்பி இருக்காதீர்கள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை எடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே கொழும்புக்குப் போய்விடுங்கள். கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. கைரேகை கொடுக்க வேண்டியிருப்பதால் இருவரும் நேரில் போக வேண்டும். இரவு பஸ் பிடித்துக் காலையில் இறங்கி அலுவலை முடித்துவிட்டு அன்றிரவே திரும்பலாம், ஆனால் முந்தின நாளே போய்த் தங்கினால் களைப்பில்லாமல் பத்திரங்களை இன்னொரு முறை சரிபார்க்கலாம். கடவுச்சீட்டு நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும் இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. விவாகப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி எடுங்கள். வங்கிக் கூற்றில் அதிகாரி பார்ப்பது இருப்பை மட்டுமல்ல, காசு எப்படி வந்து போகிறது என்பதையும்தான். கடைசி வாரத்தில் மச்சானிடம் வாங்கி மொத்தமாகப் போட்ட தொகை பார்த்தவுடனே தெரியும். ஆசிரியரோ அரச உத்தியோகத்தரோ என்றால் வெளிநாட்டு லீவு அனுமதிக்கு மேசை மேசையாகக் கோப்பு நகர நாள் எடுக்கும், அதைத்தான் எல்லாவற்றுக்கும் முதல் தொடங்க வேண்டும்.

காலம் ஏப்ரல், மே, அல்லது செப்டெம்பர், ஒக்டோபர். ஆசிரியர்களுக்கு ஏப்ரல் விடுமுறை கச்சிதம், ஆனால் ஈஸ்டர் வாரத்தில் ரோம் நிரம்பி வழியும், விடுதி விலையும் ஏறும், அந்த வாரத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள். ஓகஸ்டில் நம்ம ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் அங்கே கல் தெருவில் மதியம் நடப்பது கஷ்டம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

கட்டுநாயக்காவிலிருந்து தோஹா, டுபாய், அபுதாபி என்று எதன் வழியாகப் போனாலும் ரோமில் இறங்குவது ஃபியுமிசினோ விமான நிலையம். அங்கிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் நேரே தெர்மினி நிலையத்துக்கு 32 நிமிடத்தில் கொண்டுபோய்விடும், ஒருவருக்கு 14 யூரோ. ரோமில் நாலு இரவு, புளோரன்ஸில் மூன்று இரவு, திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு மீண்டும் ரோம் என்று வைத்தால் ஓட்டம் இருக்காது. புளோரன்ஸின் இரண்டு பெரிய கலைக்கூடங்களான உஃபிட்சியும் அக்கடேமியாவும் திங்கட்கிழமை மூடியிருக்கும், ஆகவே திங்கள் ரோமில் விழுகிற மாதிரி கணக்குப் போடுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பூட்டு.

அடுத்தது நான் மிகவும் வற்புறுத்துகிற விஷயம். ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட். நேரம் குறித்து முன்பதிவு செய்த பெரிய இடம் ஒன்று மட்டும், அதுவும் காலையில். மதியத்துக்குப் பிறகு திட்டமே வேண்டாம். காலையில் கொலோசியம், மத்தியானம் வத்திக்கான், பின்னேரம் இன்னொன்று என்று அடுக்கினால் மூன்றாவது இடத்தில் கால் வலியில் இருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டீர்கள். அந்த இரண்டு நகரங்களிலும் நல்லது பாதி, டிக்கெட் இல்லாத தெருவிலேதான் கிடக்கிறது.

சரி, ரோம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். கி.பி. 80 இல் திறந்த கட்டடம், அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ரோமன் போரம், பலத்தீன் குன்று இரண்டையும் பார்க்கலாம். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு நாளின் முதல் நேரத்தையே எடுங்கள், பத்து மணிக்குப் பிறகு சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் மாமாங்கத் தீர்த்தம் போல நெரிசல். அங்கே படம் எடுக்க விடமாட்டார்கள், அது ஒருவகையில் நல்லது, போனை உள்ளே வைத்துவிட்டுச் சுவரோரம் உள்ள ஆசனத்தில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து மேலே பாருங்கள். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சாரக்கட்டில் நின்றுகொண்டு தீட்டிய கூரை அது.

புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டணமில்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும். அதை 1626 இல் அபிஷேகம் செய்தார்கள், நம்ம புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628 இல். உள்ளே நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே காலத்துக் கல். குவிமாடத்தின் உச்சிக்கு 551 படி, கொஞ்சத் தூரம் லிப்டும் உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு கட்டாயம், சாறியோ சுடிதாரோ பிரச்சினையே இல்லை, அரைக் காற்சட்டையோடு போன ஆண்களைத்தான் வாசலில் திருப்பி அனுப்புவார்கள்.

பாந்தியனை மட்டும் தவறவிடாதீர்கள். டிக்கெட் மலிவுதான். 43 மீட்டர் அகலக் கொங்கிரீட் குவிமாடம், உள்ளே ஒரு கம்பி கிடையாது, கிட்டத்தட்ட 1,900 வருடமாக நிற்கிறது. உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, மூடியே இல்லை. மழை பெய்தால் எல்லோரும் விடுதிக்கு ஓடுவார்கள், நீங்கள் பாந்தியனுக்கு ஓடுங்கள். மழை அந்த வட்டத்தினூடாக நேரே தரையில் விழும், தரையின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவு மேடாக இருப்பதால் தண்ணீர் தேங்காது, குனிந்து பார்த்தால் பளிங்குக் கல்லில் சின்னச் சின்ன ஓட்டைகள், மொத்தம் 22, அவற்றுக்குள் இறங்கிப் போகும். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தின கொத்தனாரின் மூளையை அந்த ஓட்டைகளில் பார்க்கலாம்.

தண்ணீர்ப் போத்தல் விலை கொடுத்து வாங்க வேண்டாம். ரோம் தெருக்களில் மூக்கு வளைந்த இரும்புக் குழாய்கள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன, இரவு பகலாக ஓடும், குடிக்க நல்ல தண்ணீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சின்னத் துளையால் தண்ணீர் மேல்நோக்கிப் பாயும், குனியாமல் குடிக்கலாம்.

திருட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். மெட்ரோ ஏ பாதையிலும் வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் இலக்க பஸ்ஸிலும் பையை முன்னுக்குப் போடுங்கள். தெர்மினியில் டிக்கெட் இயந்திரத்தருகே உதவ வருகிறவர், கையில் நூல் கட்டிவிட வருகிறவர், ரோசாப்பூ நீட்டுகிறவர், எல்லோருக்கும் ஒரு தலையசைப்போடு நடையைக் கட்டுங்கள். தாலிக்கொடியையும் பெரிய வளையலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவது நிம்மதி. சப்பாத்து ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும், கால் பொறுக்காவிட்டால் மிச்சம் எதுவும் ருசிக்காது.

சாப்பாடு. கோப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல், உட்காரும் இடத்தில் ஆளுக்கு ஒரு சிறு கட்டணமும் பில்லில் வரும், அது ஏமாற்று அல்ல, அங்கத்தைய வழக்கம். மத்தியானத்துக்கு நிறுத்து விற்கும் பீட்சாத் துண்டு மலிவு. மாடு சாப்பிடாதவர்கள் மன்சோ, வித்தெல்லோ என்ற சொற்களையும் பன்றி சாப்பிடாதவர்கள் மயாலே, புரொஷூட்டோ, குவான்சாலே என்ற சொற்களையும் போனில் எழுதி வைத்திருங்கள், கார்பொனாரா பாஸ்தாவில் போடுவது அந்தக் குவான்சாலேதான். சோறு இல்லாமல் நாலு நாள் தாங்காது என்பவர்களுக்கு தெர்மினிக்குக் கிட்டவுள்ள பியாத்சா வித்தோரியோ பக்கம் இருக்கிறது, நம்ம பகுதிச் சரக்குக் கடைகள் நிறைய, அரிசி, மிளகாய்த்தூள், ஹலால் இறைச்சி எல்லாம் கிடைக்கும். காத்தான்குடி, ஏறாவூரிலிருந்து போகிறவர்கள் அந்தப் பக்கமே அறை எடுக்கலாம். இன்னொன்று, பலர் கேட்கக் கூச்சப்படுவது: இத்தாலியில் 1975 முதல் வீட்டுக் குளியலறையில் பிடே என்ற, உட்கார்ந்து தண்ணீரால் கழுவிக்கொள்ளும் தொட்டி வைக்க வேண்டும் என்பது விதி, விடுதிகளிலும் பெரும்பாலும் இருக்கும். அறை எடுக்கும்போது லிப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நகர வரியை ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிட்டு விடுதியில் தனியாக வாங்குவார்கள், அதற்குச் சில்லறை யூரோ வைத்திருங்கள்.

புளோரன்ஸுக்கு தெர்மினியிலிருந்து சாந்தா மரியா நொவெல்லா நிலையம். ட்ரெனித்தாலியா, இத்தாலோ என்ற இரண்டு நிறுவன ரயில்களும் ஓடுகின்றன, முன்கூட்டி எடுத்தால் விலையில் பெரிய வித்தியாசம். சாதாரணப் பிராந்திய ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால் ஏறுமுன் மேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் தண்டம்.

ஊர் முழுக்க நடந்தே பார்க்கலாம். பேராலயத்துக்குள் போக டிக்கெட் இல்லை, மேலே ஏறத்தான் நேரம் குறித்த டிக்கெட். புருனெல்லெஸ்கி 1420 இல் தொடங்கி 1436 இல் முடித்த குவிமாடம், 463 படி, லிப்ட் கிடையாது, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆள் அகலத்தில் வளைந்து வளைந்து போகும். முழங்கால் நோவோ மூச்சுமுட்டலோ உள்ளவர் கீழே இருந்துவிடலாம், ஒருவர் ஏறிவரும்வரை மற்றவர் ஞானஸ்நான மண்டபத்தின் பொன் கதவுகளைப் பார்க்கலாம். அக்கடேமியாவில் மைக்கலாஞ்சலோவின் தாவீது, 5 மீட்டருக்கு மேல் உயரம். வேறு சிற்பிகள் கைவிட்டுப் போட்டு வைத்திருந்த பளிங்கிலிருந்து செதுக்கியது. வலது கையைப் பாருங்கள், புறங்கையில் நரம்பு புடைத்து நிற்கும். ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தில் நிற்பது பிரதி, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

1966 நவம்பர் 4 இல் ஆர்னோ ஆறு பெருகி அந்த நகரத்தை மூழ்கடித்தது. சாந்தா குரோச்சே தேவாலயப் பக்கத் தெருக்களில் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள், தலைக்கு மேலே. 78 நவம்பர் சூறாவளியையும் 2004 கடலையும் கண்ட ஊர்க்காரர் நாம், அந்த அடையாளத்தைக் கடந்து போக மனம் வராது. மைக்கலாஞ்சலோ, கலிலியோ இருவரின் கல்லறையும் அதே தேவாலயத்துக்குள்தான்.

பொன்தே வெக்கியோ பாலம் 1345 அளவில் கட்டியது, 1944 இல் பின்வாங்கிய ஜெர்மன் படை புளோரன்ஸின் மற்றப் பாலங்களைத் தகர்த்தபோது இதை மட்டும் விட்டது. இருபக்கமும் நகைக் கடைகள். பார்க்க அழகு, ஆனால் அங்கே பெரும்பாலும் 18 கரட், நம்ம வீட்டுக் கணக்கு 22, விலையை ஒப்பிடும்போது அதை மனதில் வையுங்கள். தெருவில் விரித்து விற்கும் போலிப் பிராண்ட் பைகளைத் தொடவே வேண்டாம், வாங்கியவருக்கும் தண்டம் உண்டு.

இருவர் பயணம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். போகுமுன் ஒவ்வொரு நகரத்துக்கும் ஆளுக்கு ஓர் இடம் எழுதுங்கள், அந்த இடத்தை மற்றவர் மறுக்கக் கூடாது. ஒருவருக்குத் தேவாலயம், மற்றவருக்குத் தோல் சந்தை என்றால் இரண்டு மணித்தியாலம் பிரிந்து போய்ச் சந்திப்பதில் ஒரு குறையும் இல்லை, போனில் இணைய வசதி இருவருக்கும் தனித்தனியே இருந்தால் போதும். பின்னேரம் ஆற்றைக் கடந்து மைக்கலாஞ்சலோ சதுக்கத்துக்கு ஏறும்போது சேர்ந்து போங்கள், நகரம் முழுக்கச் செங்கல் நிறமாகத் தெரியும் நேரம் அது.

கடைசியாக, ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். ஃபியுமிசினோவில் பெட்டியை ஒப்படைக்க முன்னர் படிவத்தைச் சரிபார்ப்பிக்க வேண்டும், பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டும், ஆகவே விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்தியே போய்விடுங்கள்.