கோடை முகாமுக்கு உதவப் போகும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்தால் மதுரையில் எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பகல் முகாம் நடக்கும். காலை எட்டரைக்கு ஆரம்பித்து பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் நாலைந்து புதுப் பெற்றோர் உதவிக்கு வருகிறார்கள். பழைய ஆட்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். நேரத்துக்கு வர வேண்டும், போனை நோண்டக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

தெரிந்தவர்தானே என்று பிள்ளையை அனுப்பிவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பன்னிரண்டரைக்கு வாசலில் ஒரே கூட்டம். வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு பிள்ளை செருப்பைத் தேடும், இன்னொன்று தண்ணீர் பாட்டிலைக் காணோம் என்று அழும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வந்து, "நம்ம பிள்ளைதாம்மா, அனுப்பு" என்பார். பிள்ளையும் "தாத்தா!" என்று ஓடும். அவரை நிறுத்திப் பெயர் கேட்கப் புதியவர்களுக்கு வாய் வராது. வயதில் பெரியவரைப் போய்ச் சந்தேகப்படுவதா என்ற முகதாட்சண்யம்.

போன வருடம் ஒரு ஆறு வயதுப் பெண் இப்படித்தான் போய்விட்டாள். பேரனைக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டுத் தாத்தா, இவளும் நம் தெருதானே என்று சேர்த்து அழைத்துப்போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து நின்றார். அழைத்துப்போகிறவர் கையெழுத்துப் போடும் நோட்டில் அவள் பெயருக்கு நேராக வெறும் கட்டம். அனுப்பியவருக்கு "யாரோ ஒரு தாத்தா" என்பதற்கு மேல் எதுவும் நினைவில்லை. கழிப்பறை, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி வரை தேடினோம். தாத்தா இரண்டு பேருக்கும் வழியில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து, நிதானமாக வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்த அம்மா தொட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கவும் முடியாமல் நின்ற நிற்பு இருக்கிறதே, அது எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

சேர்க்கும்போதே, யார் அழைத்துப்போகலாம் என்று இரண்டு பெயரும் போன் எண்ணும் எழுதி வாங்குகிறோம். அதில் இல்லாதவர் சொந்த மாமாவே ஆனாலும், பெற்றோரிடம் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். வந்தவர் தன் போனை நீட்டி, "இந்தாங்க, அவங்க அம்மா பேசுறாங்க" என்றால் வாங்காதீர்கள். நோட்டில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போடுங்கள். கையெழுத்து விழும்வரை பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும். "எல்லாருக்கும் இதே முறைதாங்கய்யா" என்று தன்மையாகச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். கோபப்படுகிறவர் கோபப்பட்டுவிட்டுப் போகட்டும்.

தாகம் எடுத்தால் கேட்கும் என்று இருப்பது

கேட்காது. விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைக்குத் தாகமே தெரியாது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். ஓடியாடுவதை எல்லாம் பத்து மணிக்குள் முடியுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் குடிக்க வையுங்கள். தலைவலி, குமட்டல் என்றால் நிழலில் படுக்க வைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால், சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

சொந்தப் பிள்ளை இருக்கும் குழுவில் நிற்பது

வேண்டாம். வேறு குழு கேட்டு வாங்குங்கள்.

கைவேலையை நீங்களே முடித்துக் கொடுப்பது

காகிதக் கிளிக்கு மூக்கு கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஒருநாள் கத்தரிக்கோலை வாங்கி நீங்கள் வெட்டிக் கொடுத்தால், மறுநாள் அந்தப் பிள்ளை முயன்றே பார்க்காமல், "நீங்களே பண்ணுங்க ஆன்ட்டி" என்று தாளை நீட்டும்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது

அடுத்தவர் பிள்ளை. கேட்காமல் போடக் கூடாது.

தின்பண்டம் கொண்டுவந்து கொடுப்பது

கடலை மிட்டாய்தானே என்று நினைக்காதீர்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒரு துண்டு போதும், முகம் வீங்கி மூச்சுத் திணறிவிடும். யாருக்கு எது ஆகாது என்ற பட்டியல் நோட்டின் பின்அட்டையில் ஒட்டியிருக்கிறது. பிறந்தநாள் கேக்காகவே இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு டப்பாவைத் திறங்கள்.