மைஎஸ்க்யூஎல்லில் தமிழ் உடைந்து தெரிகிறதா? படிப்படியாகச் சரிசெய்யலாம்

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைத்து, பழைய சர்வரில் வருடக்கணக்காக ஒழுங்காகத் தெரிந்த தமிழ், புதிய சர்வருக்கு மாற்றியதும் குழம்பிப்போவது அடிக்கடி நடக்கிறது. உடனே டேபிளை யுடிஎஃப்8-க்கு (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) மாற்றும் கட்டளையைத் தேடி ஓட்டிவிடாதீர்கள். நன்றாக இருக்கும் தரவும் அதில்தான் கெடும். முதலில் உள்ளே என்ன பைட்டுகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

படி 1: பேக்கப்

முழு டேட்டாபேஸையும் எடுத்து வையுங்கள். சோதனையெல்லாம் நகலில்தான்.

படி 2: ஹெக்ஸ் பார்ப்பது

திரையில் தெரிவதை நம்ப வேண்டாம். வழியில் எத்தனையோ இடங்களில் அது உருமாறியிருக்கலாம். 'த' என்று தொடங்கும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, செலக்ட் கட்டளையில் அது இருக்கும் காலத்தை (டேபிளின் நெடுவரிசை, column) ஹெக்ஸ் ஃபங்ஷனுக்குள் கொடுங்கள்; பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும். யுடிஎஃப்8-இல் வழக்கமான தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். 'த' என்பது ஈ0 ஏஈ ஏ4. இங்கே ஏ, சி, டி, ஈ, எஃப் எல்லாம் ஆங்கில எழுத்துகள்.

ஈ0 ஏஈ என்று தொடங்கினால் பைட்டுகள் நலம். காலத்தின் எழுத்துத்தொகுதி (எந்த பைட் எந்த எழுத்து என்று சொல்லும் அமைப்பு, character set) மட்டும் தவறாக இருக்கலாம். சி3 ஏ0 சி2 ஏஈ என்று வந்தால், ஏற்கெனவே யுடிஎஃப்8-ஆக இருந்ததை இன்னொரு முறை யுடிஎஃப்8 ஆக்கியிருக்கிறார்கள். இதையும் மீட்கலாம். வெறும் 3எஃப் மட்டும் வரிசையாக வந்தால் அது நிஜமான கேள்விக்குறி. எழுத்து போய்விட்டது, பழைய பேக்கப்பில்தான் தேட வேண்டும்.

படி 3: காலத்தை மாற்றுவது

மைஎஸ்க்யூஎல் 8.0 வருவதற்கு முன் இயல்பான எழுத்துத்தொகுதி லத்தீன்1. பெயர் அப்படி இருந்தாலும் உண்மையில் அது விண்டோஸின் 1252 கோட்பேஜ். அதில் தமிழே கிடையாது. ஆனால் கனெக்‌ஷனும் (நிரலுக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பு) லத்தீன்1, காலமும் லத்தீன்1 என்றால் சர்வர் எதையும் மாற்றாமல் பைட்டுகளை அப்படியே வாங்கி அப்படியே திருப்பித் தரும். பிரவுசர் அதை யுடிஎஃப்8 என்று வாசித்துத் தமிழாகக் காட்டிவிடும். புதிய சர்வரில் கனெக்‌ஷன் மாறியதும்தான் குட்டு உடைகிறது.

இந்த நிலையில் நேரடியாக எழுத்துத்தொகுதியை மாற்றினால், சர்வர் அந்தப் பைட்டுகளை லத்தீன் எழுத்துகளாகவே எண்ணி மொழிபெயர்க்கும். அப்புறம் சி3 ஏ0 நிலைமைதான். அதனால் இரண்டு தாவலாகப் போங்கள். ஆல்டர் டேபிள், மாடிஃபை கட்டளையால் காலத்தை முதலில் பிளாப் (வெறும் பைட்டுகளை வைக்கும் வகை) ஆக்குங்கள். பிளாப்புக்கு எழுத்துத்தொகுதியே இல்லாததால் பைட்டு அசையாது. பிறகு அதையே யுடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்டாக மாற்றுங்கள். சி3 ஏ0 என்று வந்த, இருமுறை யுடிஎஃப்8 ஆன தரவு என்றால், இவற்றுக்கு முன் காலத்தை ஒரு தடவை லத்தீன்1 ஆக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மீட்பை மைஎஸ்க்யூஎல்லுக்கு உள்ளேயே செய்வது நல்லது. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியின் கடைசி பைட் 8டி. விண்டோஸ் 1252-இல் அந்த இடம் காலி. சில வெளிக்கருவிகள் அங்கே திணறிப் புள்ளியைத் தொலைத்துவிடும். மைஎஸ்க்யூஎல்லின் லத்தீன்1 அந்த பைட்டைப் பத்திரமாக வைத்திருக்கும்.

படி 4: யுடிஎஃப்8 வேண்டாம், யுடிஎஃப்8எம்பி4

வெறும் யுடிஎஃப்8 என்று பழைய மைஎஸ்க்யூஎல் சொல்வது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும் என்று பலர் சொல்கிறார்கள். போதாது. முந்திரி, அரைக்கால் போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12.0-இல் சேர்ந்தன. அவற்றுக்கு 4 பைட் வேண்டும். எமோஜிகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான்.

படி 5: கனெக்‌ஷன்

பலர் விட்டுவிடும் இடம் இது. டேபிள் சரியாக இருந்தும், நிரல் தன்னை லத்தீன்1 என்று அறிவித்தால் மறுபடி கெடும். இணைந்தவுடன் செட் நேம்ஸ் கட்டளையில் யுடிஎஃப்8எம்பி4 கொடுங்கள். பிஎச்பி-யில் மைஎஸ்க்யூஎல்ஐ பயன்படுத்தினால் அதன் செட் கேர்செட் முறையே சரி.

படி 6: வரிசை

கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) பெயர் 'பின்' (_bin) என்று முடிவதாக இருந்தால் அகராதி வரிசை வராது. யூனிகோடில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தே இருப்பதால், 'ப'வுக்கு முன்னால் வந்து நிற்கும். 8.0-இல் இயல்பாக வரும் 0900 கொலேஷனை உங்கள் சொற்களோடு ஓட்டிப் பாருங்கள்.

5.6 போன்ற பழைய பதிப்பில் இன்டெக்ஸ் நீளம் அதிகம் என்று பிழை வந்தால், அங்கே இயல்பான எல்லை 767 பைட். யுடிஎஃப்8எம்பி4-இல் ஓர் எழுத்துக்கு 4 பைட் என்று கணக்கிடுவதால், 191 எழுத்துக்கு மேல் நீளமுள்ள வார்கேர் (எழுத்துகளை வைக்கும் கால வகை, varchar) காலத்தை முழுசாக இன்டெக்ஸ் செய்ய முடியாது.