ஜனவரியில் லண்டன் வருகிறீர்களா? முதலில் உங்கள் இனிஷியலைப் பாருங்கள்

ஜனவரி பேட்சில் படிக்க வரும் பிள்ளைகள் தினமும் இரண்டு பேராவது எனக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். இன்று 2021 டிசம்பர் 23. ஓமிக்ரான் என்ற புதிய கொரோனா வகை வந்ததிலிருந்து பயண விதிகள் வாராவாரம் மாறுகின்றன. கிளம்புவதற்கு முன்தினம் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தை நீங்களே திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பியதை நம்ப வேண்டாம்.

அரசு கேட்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வயது நிரம்பிய எல்லோரும் கிளம்புவதற்கு முந்தைய 2 நாட்களுக்குள் பரிசோதனை செய்து நெகட்டிவ் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இந்த விதி டிசம்பர் 7 முதல். இறங்குவதற்கு முன் 48 மணி நேரத்துக்குள் பயணி இருப்பிடப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இரண்டாம் நாள் பிசிஆர் பரிசோதனையை முன்பே காசு கட்டிப் பதிவு செய்திருந்தால்தான் அந்தப் படிவம் முடியும், ஏனென்றால் அதன் எண்ணைக் கேட்கும். இறங்கும் நாள் பூஜ்ஜியம், அதிலிருந்து எண்ணுங்கள். ரிசல்ட் வரும்வரை வெளியே போகக்கூடாது. என்எச்எஸ், அதாவது இங்குள்ள அரசு மருத்துவச் சேவை, இலவசமாகத் தரும் பரிசோதனை கிட் இதற்குச் செல்லாது. கோவிஷீல்டு அக்டோபர் 11 முதலும் கோவாக்சின் நவம்பர் 22 முதலும் இங்கே கணக்கில் சேர்கின்றன. இரண்டு டோஸும் முடிக்காதவர்களுக்கு 10 நாள் தனிமையும் எட்டாம் நாள் இன்னொரு பரிசோதனையும் உண்டு.

அவ்வளவுதான். இதெல்லாம் எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். என் சித்தி பையன் கதிரவனும் சரியாகத்தான் செய்தான். ஆனாலும் அவனைச் சென்னை விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். மதுரையில் ஒரு லேபில் ஆர்டி-பிசிஆர் எடுக்கப் போனான். அடையாள அட்டை கேட்டார்கள். நம் ஊரில் அடையாள அட்டை என்றால் கை தானாக ஆதாரைத்தானே எடுக்கும்? நீட்டினான். ஆதாரில் ‘கதிரவன் எம்’. லேப் பையன் அதையே தட்டினான். மறுநாள் சான்றிதழ் போனுக்கு வந்தது, நெகட்டிவ் என்று பார்த்ததும் வீடே சந்தோஷப்பட்டது. பெயரை யாரும் பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டில் அவன் பெயர் கதிரவன், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முருகேசன், அதாவது சித்தப்பா.

ராத்திரி இரண்டு மணிக்குக் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த எம் யாரு?” என்றாராம். எம் என்றால் முருகேசன், அப்பா பெயர், எங்கள் ஊரில் இப்படித்தான் போடுவோம் என்று இவன் விளக்கியிருக்கிறான். அவரும் தமிழ்ப் பெண்தான், அவருக்குத் தெரியாதா? ஆனால் பரிசோதனைச் சான்றிதழில் உள்ள பெயர் பயண ஆவணத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசின் விதி. சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணாவது இருந்திருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ, அதுவும் இல்லை. லேபுக்குப் போன் போட்டால் அந்த நேரத்தில் யார் எடுப்பார்கள்? விமானம் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் செலவு ஆரம்பித்தது. டிக்கெட் தேதியை மாற்ற 28,000 ரூபாய். அடுத்த விமானம் இரண்டு நாள் தள்ளிக் கிடைத்ததால் பழைய பரிசோதனை காலாவதி, மறுபடி மூக்கில் குச்சி. இறங்கும் தேதி மாறியதால் இரண்டாம் நாள் கிட்டின் தேதியை மாற்ற வேண்டும், படிவத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும். நான் இங்கே லண்டன் ஈஸ்ட் ஹாமில் உட்கார்ந்து கிட் விற்றவர்களுக்கு மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். சித்தி அங்கே சென்னையில் லாட்ஜ் அறையில் அழுதுகொண்டிருந்தாள். ஒரே ஒரு எழுத்துக்காக.

ஆகவே லேபுக்குப் போனால் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்கள். ஆதாரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்குமே, அதில் மேல் வரியில் இருக்கும் எழுத்துக்கூட்டல்தான் உங்கள் பெயர். அதில் ‘ழ’வுக்கு எந்த எழுத்து போட்டிருந்தாலும் சரி, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். குச்சி விடுவதற்கு முன்பே கணினித் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். பெயர், பிறந்த தேதி அல்லது வயது, மாதிரி எடுத்த தேதி, லேபின் பெயரும் தொடர்பு விவரமும், பிசிஆர்தான் என்ற குறிப்பு, ரிசல்ட் ஆகிய அத்தனையும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிச் சான்றிதழும் இதே கதைதான். இந்தியாவின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினில் பெயரை ஒரே ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். புள்ளியை எடுக்கவும் கமாவைச் சேர்க்கவும் அந்த வாய்ப்பை வீணடிக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயராக மாற்றுங்கள், பாஸ்போர்ட் எண்ணையும் இணைத்துவிடுங்கள். முழுப் பிறந்த தேதி இருக்கும் வெளிநாட்டுப் பயணச் சான்றிதழ் தனியாக இருக்கிறது, அதைத்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். கல்யாணமான பெண்கள் இரண்டு தடவை பாருங்கள்: பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், ஆதாரில் அப்பா இனிஷியல், கோவினில் எது என்று கடவுளுக்கே வெளிச்சம். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு வேறு தொல்லை. என் தோழி ஒருத்திக்கு இங்கே ஒரு படிவம் காலியை ஏற்கவில்லை என்று சொந்தப் பெயரையே இரண்டு முறை போட்டாள், இப்போது அவளுக்கு வரும் கடிதமெல்லாம் ‘கவிதா கவிதா’ என்றுதான் வருகிறது.

சரி, வந்து இறங்கிவிட்டீர்கள். ரிசல்ட் வரும்வரை அறைக்குள்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் நேரமெல்லாம் முன்பே நிரம்பிவிடும், அதனால் மூன்று நாள் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவாருங்கள். ஒரு கிலோ அரிசி, அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி போதும். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை, அம்மா உருக்கிக் கொடுத்த நெய் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்க்க மனசு தாங்காது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், அதுவும் வேண்டாம். இங்கே ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் எல்லாம் கிடைக்கும், விலையைப் பார்த்தால்தான் நம் வீட்டுக் கொல்லைப்புற மரம் ஞாபகத்துக்கு வரும்.

இந்த மாதம் லண்டனில் சூரியன் எட்டு மணிக்கு எழுந்து நாலு மணிக்குள் போய்விடுகிறது. நம் நிறத் தோலுக்கு இந்த வெயில் காணாது, அதனால் ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை வருடம் முழுக்க எடுக்கச் சொல்கிறது என்எச்எஸ். ஊரில் வாரத்துக்கு ஒன்று என்று விழுங்கும் 60,000 யூனிட் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் இங்கே தொடராதீர்கள், ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு டப்பாவில் மத்தி மலிவாகக் கிடைக்கும். கபசுரக் குடிநீர் கொண்டுவந்தால் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். அதைக் குடித்தோம், பூஸ்டர் எதற்கு என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பூஸ்டர் இப்போது 18 வயது நிரம்பிய எல்லோருக்கும் போடுகிறார்கள், இரண்டாவது டோஸ் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். மாணவர் விசாவுக்கு வருடத்துக்கு 470 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள், வந்த முதல் வாரமே ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்யுங்கள். இந்தியாவில் போட்ட ஊசி இங்குள்ள கணினிக்குத் தெரியாது. ஆன்லைனில் பதிவு செய்யப் பார்த்தால் கதிரவனை முதல் டோஸிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. அப்படி ஆரம்பிக்காதீர்கள். என்எச்எஸ்ஸின் கொரோனா உதவி எண்ணான 119-க்குப் போன் செய்து வெளிநாட்டு டோஸைப் பதிவு செய்யும் மையம் எது என்று கேட்டு, சான்றிதழோடு போங்கள்.

கோவிஷீல்டு போட்டவர்களுக்கு ஃபைசரோ அரை டோஸ் மாடர்னாவோ கிடைக்கும். கை வலி, உடம்பு வலி, ஒரு நாள் காய்ச்சல் நமக்குப் பழகியவைதான். எனக்குப் புதிதாக வந்தது அக்குளில் நெறி கட்டியது. இரண்டாம் நாள் ராத்திரி தடவிப் பார்த்து, கூகுளில் தேடி, உயில் எழுதும் அளவுக்குப் போய்விட்டேன். ஊசி போட்ட பக்கம் அப்படி வீங்குவது உண்டாம், பத்து நாளில் வடியும், வடியாவிட்டால் ஜிபியிடம் காட்ட வேண்டும். ஒரு வாரத்தில் எனக்கு வடிந்தது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், படபடப்பு வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே என்எச்எஸ் உதவி எண் 111, நிலைமை மோசமென்றால் அவசர எண் 999.

டோலோ 650 தீர்ந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், பாராசிட்டமால் 500 சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒரு பவுண்டுக்குள் கிடைக்கும். ஒரு பாக்கெட்டில் 16தான் இருக்கும், கேட்டாலும் இரண்டு பாக்கெட்டுக்கு மேல் தரமாட்டார்கள். 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரைதான் உச்சவரம்பு. வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் சளிப் பொடிகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கதிரவனுக்குப் போன சனிக்கிழமை பூஸ்டர் போட்டார்கள். பக்கத்துத் தேவாலய ஹாலில் வரிசை போட்டு உட்கார்ந்திருந்தோம். நர்ஸம்மா “மிஸ்டர் முருகேசன்” என்று மூன்று தடவை கூப்பிட்டார். இவன் அசையவே இல்லை, யாரோ பெரியவரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இடுப்பில் இடித்த பிறகுதான் எழுந்து ஓடினான். அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, “அப்பா, உங்களுக்கு இன்னைக்கு இங்க பூஸ்டர் போட்டுட்டாங்க” என்றான்.

எந்தக் கையில் என்று கேட்டார் சித்தப்பா.