சக்கர நாற்காலியோடு சிங்கப்பூரில் கப்பல் ஏறுவது

உல்லாசக் கப்பல் பயணத்துக்கான வேலை, டிக்கெட் போடும் அன்றே தொடங்கிவிடுகிறது. நடக்கச் சிரமம் என்பதைக் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள், அதற்கென்றே தனிப் படிவம் இருக்கும். அகலக் கதவும் குளியலறையில் கைப்பிடியும் உள்ள அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். சாதாரண அறை எடுத்தால் முதலில் கதவின் அகலத்தைக் கேட்டு, உங்கள் நாற்காலியை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கப்பல் ஏறும் முனையமான மரினா பே குரூஸ் சென்டருக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கியும் போகலாம், லிஃப்ட் இருக்கிறது. ஆனால் பெட்டிகளோடு என்றால் டாக்ஸிதான் நல்லது. முனையத்தில் கேட்டால் நாற்காலி தந்து, தள்ளிக்கொண்டு போக ஆளும் வருவார். அது பெரும்பாலும் கப்பலில் ஏறவும் இறங்கவும் மட்டும்தான், அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆகி, மாலை வரை அறையிலேயே உட்கார்ந்திருந்தார். சொந்த நாற்காலி கொண்டுபோய்விடுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகலாம்.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போடும் பாலத்தின் சரிவு கடல்மட்டத்தோடு மாறும், செங்குத்தாக இருந்தால் உதவிக்கு ஆள் வரும்வரை நில்லுங்கள்.

இன்னொன்று, வழியில் இறங்கும் ஊர்களில் மலேசியாவின் பினாங்கில் கப்பல் கரையை ஒட்டி நிற்கும், ஆனால் தாய்லாந்தில் ஃபூக்கெட்டின் பாத்தோங்கில் நடுக்கடலில் நின்று சிறு படகில்தான் இறக்குவார்கள். நாலு படிகூட ஏற முடியாதவர்களைப் பல நேரம் அதில் ஏற்றமாட்டார்கள், அதனால் எந்தத் துறைமுகத்தில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.