ட்ரிப் வந்தப்ப பாத்த மலையகம் வேற: குடிவாறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை மாத்தம் கெடச்சி, கல்யாணம் கட்டி, இல்லாட்டி கட போட்டு பாப்பம்னு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு பக்கமிருந்து எங்க மலையகத்துக்கு குடிவாறவங்க நெறைய பேரு. அவங்க படுற கஷ்டத்துல முக்கால்வாசி ஒரே எடத்துலதான் தொடங்குது, வெயில் அடிக்கிற ஒரு நாள்ல வந்து, கீழ தேயில மல, தூரத்துல அருவின்னு வியூவ பாத்து மயங்கி அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துர்றது.

தயவுசெஞ்சி வீட்ட மழைல பாருங்க. அதுலயும் ‘மலையகத்துல எப்ப மழ’ன்னு பொதுவா கேக்காதீங்க, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி. அட்டன், வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே கடைசில புடிச்சா செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழ, நாள் கணக்கா வெயிலே பாக்க முடியாம போகும். அதே நேரத்துல பதுளை, பண்டாரவளை பக்கம் காஞ்சி போயி காத்துதான் அடிக்கும், அங்க நல்ல மழ வருச கடைசிலதான். அதனால நீங்க போற ஊருக்கு எது மழக்காலமோ அந்த மாசத்துல ஒரு தடவையாவது போயி, அலுமாரிக்கு பின்னால செவுரு கறுத்து பூஞ்சணம் புடிச்சிருக்கா, காலைல எந்த ரூமுக்கு வெயில் விழுது, துணி காயப்போட கூரையோட எடம் இருக்கான்னு பாருங்க. மெத்தைய தரையோட போட்டுறாதீங்க, கொஞ்ச நாள்ல அடிப்பக்கம் நனைஞ்சி நாத்தம் வந்துரும், கட்டில் இல்லாட்டி பலகையாவது அடுக்கி மேல போடுங்க.

வீட்டுக்கு முன்னால உள்ள வியூவ விட பின்னால உள்ள மண்மேடுதான் முக்கியம். இத நான் எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. மலைய வெட்டி எடம் எடுத்து கட்டுன வீடுன்னா அந்த வெட்டுன பக்கம் எவ்வளவு ஒசரம், தண்ணி வடிய கான் இருக்கா, செவுத்துல தரைல புதுசா வெடிப்பு ஓடுதா, மரம் போஸ்ட்டெல்லாம் சாஞ்சி நிக்கிதா, முன்ன இல்லாத எடத்துல ஊத்து கெளம்பி கலங்க தண்ணி வருதான்னு பாக்கணும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைல மண்சரிவுல என்ன நடந்திச்சின்னு நாங்க மறக்கல, 2025 நவம்பர்ல டித்வா புயலோட மலையகம் பட்டது அதவிட பெருசு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைய மூணு கட்டமா குடுக்கும், மஞ்சள்னா கவனமா இருங்க, ஒரேஞ்ன்னா வெளிக்கிட ரெடியாகுங்க, சிவப்புன்னா உடனே வெளிக்கிடுங்கன்னு அர்த்தம். புதுசா வந்தவங்க பக்கத்து வீட்டுக்காரங்க போனா நாமளும் போவம்னு காத்துகிட்டு இருக்கிறாங்க. அப்பிடி காத்திருக்காதீங்க. அடையாள அட்டை, வங்கி புத்தகம், மருந்தெல்லாம் ஒரே பேக்ல போட்டு கதவு பக்கத்துலயே வைங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117 நம்பர போன்ல சேவ் பண்ணி வைங்க.

நுவரெலியா டவுன்ல வீடு எடுக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு. ஏப்ரல் சீசன்ல அங்க ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு கெடைக்கிற காசு ஒங்க மாச வாடகையோட ஒப்பிட முடியாத அளவுக்கு போகும், அதனால சில வீட்டுக்காரங்க மார்ச்லயே ‘தம்பி, ஒரு மாசம் ஊருக்கு போயிட்டு வாங்களேன்’னு ஆரம்பிச்சிருவாங்க. பேச்சுல நம்பாம ஏப்ரலும் சேத்துதான் 12 மாசம்னு அக்ரிமென்ட்ல எழுதி வாங்குங்க. தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளருங்க இருக்கிற வரிசை வீட்டுல, ரூம் கொறஞ்ச வாடகைக்கு கெடைக்குதுன்னு போறவங்களும் யோசிக்கணும், பெரும்பாலான தோட்டக் காணி அரசாங்கத்துக்கு சொந்தம், 1992ல இருந்து கம்பனிகள்தான் நடத்துது, ஒங்களுக்கு வாடகைக்கு குடுக்கிற ஆள் பேர்ல காணி உறுதிப் பத்திரம் இருக்காது, நாளைக்கு வதிவிடத்த காட்ட ஒரு பேப்பரும் கெடைக்காம நிப்பீங்க.

பேப்பர் வேலைய ‘செட்டில் ஆனதும் பாப்பம்’னு தள்ளி போடுறதும் பெரிய தவறு. வந்த கிழமையே கிராம சேவகர போயி பாத்து அறிமுகமாகிருங்க, அவருக்கு ஒங்க மொகம் தெரியாம வதிவிடச் சான்றிதழும் வராது, அடையாள அட்டைல விலாசம் மாத்துற வேலையும் நகராது, வாக்காளர் இடாப்புல பேரும் ஏறாது. புள்ளைய முதலாம் ஆண்டுக்கு சேக்க போறப்ப அந்த இடாப்புல வருசக்கணக்கா பேரு இருக்கான்னுதான் பாப்பாங்க, அப்ப ஓடி பிரயோசனமில்ல. எந்த ஒஃபிசுக்கு போகணும்னும் அவர்கிட்டயே கேட்டுட்டு பஸ் ஏறுங்க. முன்ன நுவரெலியா, அம்பகமுவன்னு இருந்த ரெண்டு பெரிய பிரதேச சபையும் இப்ப ஆறு, அம்பகமுவையோட நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியாவோட கொட்டகலையும் அக்கரப்பத்தனையும். 2018 தேர்தல்ல இருந்து அப்பிடித்தான், பழைய ஞாபகத்துல யாராவது வழி சொன்னா ஒரு நாள் லீவு வீணாகும்.

கடிதம் வாறதும் அப்பிடித்தான். தோட்டத்து விலாசம்னா பல எடத்துல தபால் தோட்ட ஒஃபிசுக்கு வந்துதான் ஆள்கிட்ட போகும், எத்தனையோ புள்ளைங்களுக்கு நேர்முகத் தேர்வு கடிதம் நாள் முடிஞ்ச பொறகு கைக்கு வந்திருக்கு. இது எங்க சனம் தலமொற தலமொறயா அனுபவிக்கிற அநியாயம். அதனால முக்கியமான விண்ணப்பத்துக்கு டவுன்ல நம்பிக்கையான ஒருத்தரோட விலாசத்த அவங்கள கேட்டு குடுங்க.

தண்ணி பைப்ல வருதுன்னா சுத்தம் பண்ணி வருதுன்னு நெனச்சிறாதீங்க. நெறைய எடத்துல மேல மலைல உள்ள ஊத்துல இருந்து நேரா பைப் போட்டிருப்பாங்க, பீலித் தண்ணி கண்ணாடி மாதிரி தெரிஞ்சாலும் கொதிக்க வச்சி குடிங்க, பெப்ரவரி மார்ச்ல ஊத்து கொறையும், அப்ப எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுவாங்கன்னு முன்னமே கேளுங்க. சமையலும் கொஞ்சம் மாறும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் ஒசரம், அங்க தண்ணி 94 பாகைக்கு பக்கத்துலயே கொதிச்சிரும், பருப்பு, கடலை வேக நேரமெடுக்கும், பிரஷர் குக்கர் இல்லாம வராதீங்க. தோசை மாவ அடுப்படில சூடான எடத்துல வைங்க.

குளிருக்காக கரி நெருப்ப சட்டில போட்டு பூட்டுன ரூமுக்குள்ள வச்சிட்டு மட்டும் படுத்துறாதீங்க. கரி எரியிறப்ப வார கார்பன் மொனொக்சைட்டுக்கு நெறமும் இல்ல, மணமும் இல்ல, தூக்கத்துலயே உசிர எடுத்துரும், கதவ கொஞ்சம் தெறந்து வச்சாலும் நம்பாதீங்க. நல்ல கம்பளி ரெண்டு வாங்குங்க, ஸ்வெட்டர், ஜெக்கட்டெல்லாம் ஊர்ல இருந்து காசு செலவழிச்சி வாங்கிட்டு வர தேவையில்ல, நுவரெலியா பேல் பஸார்லயே கெடைக்கும்.

பைக், கார் கொண்டு வாறவங்க எறக்கத்துல பெற்றோல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல விடுற பழக்கத்த அங்கயே விட்டுட்டு வாங்க, ரம்பொடை மாதிரி ரோட்டுல பிரேக்க மட்டும் மிதிச்சிக்கிட்டு வந்தா அது சூடாகி புடிக்காம போகும், ஏறுன கியர்லயே எறங்கணும். பஸ்ஸ நம்பி இருக்கிறவங்க டவுன்ல இருந்து ஒங்க பக்கத்துக்கு கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு வீடு பாக்க போற அன்னைக்கே கேளுங்க, தோட்டத்து பக்கம் இருட்டுறதுக்கு முன்னமே நின்னுரும், அதுக்கு பொறகு ஆட்டோதான், மழை ராத்திரில அவரு கேக்குறதுதான் காசு. ஒரு ஆட்டோ அண்ணன்கிட்ட மொதல்லயே பேசி, ராத்திரிக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ணி நம்பர் வாங்கி வச்சிக்கிருங்க.